ஒரே ராத்திரியில் 3 பெண்கள் சாவு! வேலூர் ஆஸ்பத்திரி பிறந்த கதை

ஊழியம் வேண்டாம் என்று ஓடிய அமெரிக்கப் பெண் டாக்டரானது எப்படி?

திண்டிவனம் ஊர் அடங்கிவிட்ட நேரம். அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் பங்களாவில் ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தது அவருடைய ஒரே மகள் ஐடா. இருபது வயதைத் தாண்டிய கன்னிப்பெண்.

வெளியே காலடி சத்தம் கேட்டது. யாரோ கதவு அருகே வந்து கூப்பிட்டார்கள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு பிராமண வாலிபர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவி சின்னப்பெண். தலைப்பிரசவம். குழந்தை வெளியே வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது என்றும், தகப்பனார்தான் டாக்டர், அவரை எழுப்பி அழைத்து வருவதாகவும் ஐடா சொன்னாள்.

வாலிபரின் முகம் மாறியது. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அதைவிட அவள் செத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இருட்டில் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் ஆனது. மறுபடியும் காலடி சத்தம்.

முதலில் வந்தவர்தான் மனம் மாறித் திரும்பி வந்திருக்கிறார் என்று ஐடா நினைத்தாள். அவர் இல்லை. இந்தத் தடவை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே பிரசவ வேதனை. அதே கெஞ்சல். ஐடாவின் தகப்பனாரும் பக்கத்தில் வந்து நின்று, தான் வருவதாகச் சொன்னார். அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வீட்டுப் பெண்ணின் முகத்தை வெளி ஆண் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். மேல்சாதி இந்து. அவருக்கும் அதே கஷ்டம். அவரும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐடாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஊருக்குள் இருந்து சாவு மேளம் கேட்டது. பதறிப்போய் வேலைக்காரரை அனுப்பி விசாரித்து வரச்சொன்னாள். போனவர் திரும்பி வந்து சொன்ன செய்தி அவளை நிலைகுலைய வைத்தது.

மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

கொலைகாரன் யார்?

இது நடந்தது 1890-களின் தொடக்கத்தில். போலீசில் புகார் இல்லை. பிரேத விசாரணை இல்லை. மூன்று வீடுகளில் அழுதார்கள், அடக்கம் செய்தார்கள், அவ்வளவுதான். பிரசவத்தில் பெண் சாவது அந்தக் காலத்தில் ஒரு செய்தியே அல்ல.

விசாரித்துப் பார்த்தால் குற்றவாளி என்று யாரைச் சொல்வது? வந்த மூன்று புருஷன்மாரும் கல்நெஞ்சுக்காரர்கள் அல்ல. நடு ராத்திரியில் வேற்று மதத்தார் வீட்டு வாசலில் வந்து நின்று கையேந்தியவர்கள். மனைவி பிழைக்க வேண்டும் என்றுதான் ஓடி வந்தார்கள். ஆனால் பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பழக்கம் காலைப் பிடித்து இழுத்தது.

பெண்ணுக்கு சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைக்கிற காலம் அது. பெண் புருஷனோடு வாழ்வதற்கான சட்டப்படியான வயது 1891-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் 10-ல் இருந்து 12 ஆனது. உடம்பு வளரும் முன்பே பிள்ளைப்பேறு. குழந்தை மாட்டிக்கொண்டால் மருத்துவச்சிக்கு வழி தெரியாது. வழி தெரிந்த டாக்டர் ஆணாக இருந்தார். அவரை உள்ளே விடமாட்டார்கள்.

சென்னைப் பட்டணத்தில் பெண்களுக்கு என்று கோஷா ஆஸ்பத்திரி 1885-ம் ஆண்டே வந்துவிட்டது. பட்டணத்துக்காரர்களுக்கு அந்த வசதி இருந்தது. திண்டிவனத்தில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஒரு பெண் டாக்டர் மட்டும் அந்த ஊரில் இருந்திருந்தால் மூன்று பேரில் ஒருவராவது பிழைத்திருக்கலாம்.

இந்தக் கணக்கு ஐடாவுக்குப் புரிந்தது. அவளைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

ஆசை வேறு

ஐடா ஸ்கடர் இந்தியாவில் தங்குவதற்காக வந்தவள் அல்ல. தாயார் சோபியாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால் 1890-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து வந்தாள். தாயார் குணமானதும் திரும்பிப்போக வேண்டும், நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சந்தோஷமாக வாழவேண்டும் என்பதுதான் அவள் திட்டம். மிஷன் ஊழியம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய தாத்தாவின் பெயரும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்தி வந்தவர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் கிடந்த ஒரு சிறு புத்தகத்தைப் படித்தார். மனம் மாறியது. 1819-ம் ஆண்டு கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் மிஷன் ஊழியத்துக்கு வந்தார்கள். வட ஆற்காடு பகுதியில் ஆற்காடு மிஷனைத் தொடங்கியதே இந்தக் குடும்பம்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாள். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு கடைசியாகப் பிறந்த ஒரே பெண். வீட்டில் செல்லம்.

தாது வருஷப் பஞ்சம்

ஐந்தாறு வயதில் அவள் பார்த்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம். பல லட்சம் பேர் செத்தார்கள். ஸ்கடர் வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து கிடந்தன. ரொட்டியைக் கையில் வாங்கி வாயில் வைக்கக்கூடத் தெம்பு இல்லாத குழந்தைகள். அந்த வாய்களில் ரொட்டித் துண்டை வைத்து ஊட்டிவிட்டது சிறுமி ஐடாவின் கை.

அந்தக் காட்சியை அவள் மறக்கவில்லை. மறக்க முடியாததால்தான் இந்தியா என்றாலே அவளுக்குப் பயம்.

1878-ம் ஆண்டு குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. சில வருஷங்கள் கழித்துத் தகப்பனார் மட்டும் இந்தியா திரும்பினார். பிறகு தாயாரும் புறப்பட்டார். மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். தாயார் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அழுதாள் ஐடா. ஊழியம் என்ற வார்த்தையே அம்மாவைத் தன்னிடம் இருந்து பறித்துக்கொண்டு போன வார்த்தையாக அவளுக்குப் பட்டது.

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்பீல்டு என்ற ஊரில் பிரபல பிரசங்கியார் மூடி நடத்திய பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. குறும்பிலும் அப்படித்தான். ஸ்கடர் குடும்பத்துப் பெண் என்றால் இந்தியாவுக்குத்தான் போவாள் என்று கூடப் படித்தவர்கள் கேலி பேசுவார்கள். அவளுக்குக் கோபம் வரும்.

அந்தப் பெண்தான் திண்டிவனத்தில் அந்த ராத்திரி முழுவதும் அழுதாள். ஜெபம் செய்தாள். கடவுளோடு வாதாடினாள் என்றே சொல்ல வேண்டும்.

தேவ சித்தமா, சாக்குப்போக்கா?

இங்கே படிக்கிறவர்கள் மனதில் ஒரு கேள்வி எழும். ஒரு பெண்ணின் மனதை மாற்ற மூன்று பெண்கள் சாகத்தான் வேண்டுமா? இதைத் தேவ சித்தம் என்று சொல்வது நியாயமா?

மூன்று பேரைக் கொன்றது தேவ சித்தம் அல்ல. பழக்கமும் அறியாமையும் கொன்றன. அவர்கள் சாவது புதிதும் அல்ல. முந்தின மாதமும் செத்திருப்பார்கள். அடுத்த மாதமும் சாவார்கள். அந்த ராத்திரி புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாவுகள் ஒருத்தியின் வாசல் வரைக்கும் வந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.

ஒவ்வொருவரும் வாழ்க்கையில் இந்தமாதிரி தட்டலைக் கேட்டிருப்பார்கள். தன் வேலை இல்லை என்று கதவைச் சாத்திக்கொள்வது சுலபம். ஐடாவுக்கு அதற்கு வேண்டிய சாக்கு நிறைய இருந்தது. அவள் டாக்டர் அல்ல. அவள் கூப்பிட்டு வந்தவள் அல்ல. உதவியை மறுத்தவர்கள் அவர்கள். அவள் பேரில் குற்றமே இல்லை.

ஆனாலும் அவள் சாக்கு சொல்லவில்லை. காலையில் தாய் தகப்பனிடம் போய், அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து இந்தப் பெண்களுக்கு வைத்தியம் செய்யப்போவதாகச் சொன்னாள். அந்த மூன்று ஆண்களையும் அவள் சபிக்கவில்லை. அவர்கள் பழக்கம் மாறட்டும், பிறகு வருகிறேன் என்று நிபந்தனை போடவும் இல்லை. அவர்கள் பழக்கம் எதுவோ, அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டாள்.

இரக்கம் என்று வேதத்தில் எழுதியிருப்பதற்கு அவள் கண்டுபிடித்த அர்த்தம் இதுதான்.

ஒரு வாரத்தில் பணம்

1895-ம் ஆண்டு பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தாள். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. கடைசி வருஷப் படிப்பை அங்கே முடித்து 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கப்பல் ஏறும் நேரத்தில் மிஷன் ஒரு வேலை கொடுத்தது. வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். அதற்கு 8 ஆயிரம் டாலர் திரட்டி வர வேண்டும். கையில் இருந்த நாட்களோ மிகக் குறைவு.

வீடு வீடாக ஏறி இறங்கினார். சில்லறை சில்லறையாகத்தான் விழுந்தது. ஒரு நாள் நியூயார்க்கில் ஒரு பணக்காரப் பெண்மணியிடம் வேலூர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒரு கிழவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது ஐடாவுக்குத் தெரியாது. அவர் ஷெல் என்ற பாங்கி அதிபர். மனைவியை இழந்தவர்.

அவர் ஐடாவை வரச்சொல்லிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் செக் எழுதிக் கொடுத்தார். 10 ஆயிரம் டாலர்! கேட்டதைவிட 2 ஆயிரம் அதிகம். இறந்துபோன மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.

தகப்பனார் மரணம்

1900-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி. புது வருஷம், புது நூற்றாண்டு என்று எல்லோரும் கொண்டாடிய நாள். அன்று டாக்டர் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே பள்ளித் தோழி ஆனி ஹான்காக்கும் வந்தார்.

தகப்பனாரிடம் தொழில் பழகலாம், அவர் பக்கத்தில் நின்று நாலு வருஷம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் அந்த ஆண்டு மே மாதமே தகப்பனார் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

ஐடா தனியாக நின்றார். அனுபவம் இல்லாத டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஜனங்களுக்கோ அவரைத் தெரியாது. பெரிய டாக்டர் போய்விட்டார், இந்தச் சின்னப்பெண் என்ன செய்துவிடுவாள் என்ற சந்தேகம். நாள் கணக்கில் யாரும் வரவில்லை.

யாருக்காக அமெரிக்க வாழ்வை உதறிவிட்டு வந்தாரோ அவர்களே வாசல்படி ஏறவில்லை. கடவுள் கூப்பிட்டார் என்று நம்பி வந்தவருக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்க முடியும்? ஆனால் அவர் மூட்டை கட்டவில்லை. காத்திருந்தார்.

ஒரே ஒரு கட்டில்

வேலூரில் தகப்பனார் இருந்த பங்களாவில் ஒரு சின்ன அறை. அதில் ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி. வீட்டு வேலை பார்த்து வந்த சலோமி என்ற பெண்தான் கை உதவி.

ஒருவராக, இருவராக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் குணமாகிப் போனார்கள். போனவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெண்ணுக்குப் பெண் வைத்தியம் பார்க்கிறார் என்ற பேச்சு தெருத் தெருவாகப் பரவியது. கோஷா வீடுகளின் கதவும் திறந்தது. அக்கிரகாரத்துக் கதவும் திறந்தது. இரண்டே வருஷத்தில் சுமார் 5 ஆயிரம் பேருக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

1902-ம் ஆண்டு 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் கண் ஆஸ்பத்திரியாக வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே இடம்தான்.

ஆபரேஷன் செய்யும் முன் ஐடா கண்ணை மூடி ஜெபம் செய்வார். படுத்திருப்பவர் எந்த மதம், எந்த சாதி என்று பார்ப்பது இல்லை. ஆனால் ஜெபம் செய்துவிட்டுச் சும்மா இருந்தவரும் அல்ல. கத்தி பிடிக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும், மருந்து அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்வது அவருக்குப் பிடிக்காது.

பிசாசு வண்டி

ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்கள் வந்தார்கள். வர முடியாதவர்கள்?

அதற்கும் வழி கண்டார். 1906-ம் ஆண்டில் இருந்து வாரம் ஒரு நாள் குடியாத்தத்துக்குக் கிளம்பினார். வேலூரில் இருந்து ஏறக்குறைய 35 கிலோ மீட்டர். வழியில் ஒவ்வொரு மரத்தடியிலும் நோயாளிகள் காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, காய்ச்சலுக்கு மாத்திரை. குஷ்டரோகிகள் தள்ளி நிற்பார்கள். அவர்களிடமும் போவார்.

1909-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு பெஜோ கார் ஒன்று வந்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்த வண்டியைப் பார்த்துப் பிசாசு என்று ஜனங்கள் வயல்காட்டுக்குள் ஓடினார்கள். பிறகு அதே வண்டிச் சத்தத்துக்காகக் காலையில் இருந்தே காத்துக் கிடந்தார்கள்.

அந்த ஆண்டே நர்சுப் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

14-க்கு 14

எத்தனை ஓடினாலும் ஒரு ஆள் ஒரு ஆள்தான். ஜில்லா முழுக்கப் பெண்கள் சாகிறார்கள். ஒரு ஐடா போதாது. இந்த ஊர்ப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று முடிவு செய்தார்.

சென்னையில் மருத்துவ இலாகாவின் தலைமை அதிகாரியான கர்னல் பிரைசனிடம் போனார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் படிக்க வரவே மாட்டார்கள் என்று நினைத்தார். ஆறு பேர் கிடைத்தால் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். ஆண்களே பரீட்சையில் பெரும்பாலும் தோற்கிறார்கள், அதனால் பெண்கள் தேறுவார்கள் என்று ரொம்ப ஆசை வைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது. நான்கு வருஷ எல்.எம்.பி. படிப்பு. கேட்ட ஆறு பேரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் சேர்ந்தார்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகை இடம். புத்தகங்கள் கொஞ்சம். பாடம் நடத்துவது ஐடா, வைத்தியம் பார்ப்பது ஐடா, மாணவிகளுக்குத் தாயும் ஐடா.

பரீட்சை வந்தது. ரிசல்ட்டும் வந்தது. எழுதியது 14 பெண்கள். தேறியது 14 பேர். ஒருவர்கூடத் தோற்கவில்லை! சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த 14 பேரும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். இனி ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறவருக்கு, வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்ப 14 பெண்கள் இருந்தார்கள்.

வேலூர் நகருக்குள் பெரிய ஆஸ்பத்திரி 1920-களில் எழும்பியது. பாகாயத்தில் கல்லூரி வளாகம் 1930-களில் வந்தது. மகளோடேயே தங்கி இருந்த தாயார் சோபியா 1925-ல் காலமானார்.

70 வயதில் பிச்சை

எல்லாம் நன்றாக நடந்த நேரத்தில் ஒரு இடி விழுந்தது.

1938 வாக்கில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தது. டாக்டர் படிப்பு என்றால் இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான். அதற்குப் பல்கலைக்கழகத்தோடு இணைய வேண்டும். கட்டில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். லட்சக்கணக்கில் பணம் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

அரசு சொன்னதில் தப்பு இல்லை. நோயாளிக்கு நல்ல படிப்புப் படித்த டாக்டர் வேண்டும் அல்லவா? ஆனால் வேலூருக்கு அது உயிர்ப் பிரச்சினை ஆனது.

வேறு யாராக இருந்தாலும் ஓய்வு எடுத்துக்கொள்கிற வயது. ஐடா 1941-ம் ஆண்டு, 70 வயதைத் தாண்டிய நிலையில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்கா போனார். ஊர் ஊராக அலைந்தார். சர்ச் சர்ச்சாகப் பேசினார். கை நீட்டினார். ஒரு காலத்தில் 8 ஆயிரத்துக்கு அலைந்த அதே கதைதான். இப்போது தொகை மட்டும் பல மடங்கு பெரியது.

ஆண்களுக்கும் இடமா?

அங்கேதான் மிகவும் கடினமான சோதனை வந்தது.

பணம் கிடைக்கும். பல சபைகள் உதவத் தயார். ஆனால் அவர்கள் விரும்பியது ஆண், பெண் இருவரும் படிக்கும் கல்லூரி. வேலூரோ பெண்களுக்கு என்றே உண்டான இடம். பெண்களே பெண்களுக்காகக் கொடுத்த பணத்தில் வளர்ந்தது. அமெரிக்காவில் பல வருஷம் ஐடாவுக்குத் தோள் கொடுத்த லூசி பீபாடி அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆண்கள் உள்ளே வந்தால் பெண்களுக்கு இடம் போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயமும் நியாயமானதே.

ஒரு பக்கம் நீண்ட நாள் சிநேகிதம். வாழ்நாள் முழுவதும் கட்டி வளர்த்த கொள்கை. இன்னொரு பக்கம் கல்லூரியின் உயிர்.

தான் தொடங்கிய காரியம் தன்னுடையது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். இளமையில் கடவுள் சொன்னதைக் கேட்பது ஒரு கஷ்டம். முதுமையில், ஏற்கெனவே கேட்டு நடந்த வழியைவிட்டு வேறு வழியில் திரும்பச் சொன்னால் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

ஐடா தயங்கினார். ஜெபித்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆணும் பெண்ணும் படிக்கட்டும், கல்லூரி பிழைக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தார். சிநேகிதி வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை ஐடா சுமந்துகொண்டார்.

1942-ம் ஆண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கக் கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. 1947-ம் ஆண்டு முதன்முதலாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

பொறுப்பை ஒப்படைத்தார்

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த இந்தியப் பெண். வெள்ளைக்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு முதல் இந்திய இயக்குநர்.

நாற்காலியை விட்டு எழுந்த பிறகு அதன் பின்னால் நின்று அதிகாரம் செய்கிற பழக்கம் ஐடாவுக்கு இல்லை. கோடைக்கானலில் இருந்த தன் மலை வீட்டுக்குப் போனார். தோட்டம் போட்டார். டென்னிஸ் என்றால் அவருக்கு உயிர். வயதான பிறகும் மட்டையைப் பிடித்தவர்.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று நேராக அவரிடமே வந்து சேர்ந்தது என்பார்கள். தெரு இல்லை, ஊர் இல்லை, ஜில்லா இல்லை. தபால்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் உயிரோடு இருக்கும்போதே வேலூரில் பெரிய காரியங்கள் நடந்தன. குஷ்டரோகத்தால் முடங்கிப்போன விரல்களைச் சீர்செய்யும் ஆபரேஷனை டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் அங்கே செய்து காட்டினார். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார்.

1960-ம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் டாக்டர் ஐடா ஸ்கடர் இறந்தார். வயது 89. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லை.

அடுத்த ஆண்டே, 1961-ல், இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷன் வேலூரில் நடந்தது. 1971-ல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தது. இந்தியாவில் இவை இரண்டும் வெற்றிகரமாக நடந்தது அதுதான் முதல் தடவை.

சென்னை பஸ் நிலையத்திலும் காட்பாடி ரயில் நிலையத்திலும் கையில் எக்ஸ்ரே கவரும் மடியில் சோற்றுப் பொட்டலமுமாக வங்காளத்துக்காரர்களும் பீகார்க்காரர்களும் வேலூருக்கு வழி கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஐடா ஸ்கடர் யார் என்றும் தெரியாது.

சி.எம்.சி. என்ற மூன்று எழுத்து மட்டும் தெரியும். வழி காட்டுகிறவர்களுக்கும் அது போதும்.